கடன் கட்டித் தருகிறேன் என்றவருக்குக் கட்டிய காசு

முரசுமோட்டையிலிருந்து:

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது எங்கள் ஒன்றரை ஏக்கர் காலபோக நெல் முழுவதும் தண்ணீருக்குள் போனது. அப்போது எங்களுக்கு நாலு கடன்: கிழமைதோறும் கட்டுகிற குழுக்கடன் இரண்டு, லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) லீசிங், வங்கியில் அடகு வைத்த இரண்டு பவுண் சங்கிலி. அதே ஆண்டில்தான் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக இலங்கை அரசாங்கம் அறிவித்திருந்தது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியவர்களுக்கு மட்டும். நான் ஒரு கிழமையும் தவறவில்லை. இங்கே வாங்கி அங்கே கட்டி, ஒழுங்காகக் கட்டுகிறவள் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரே எனக்கு வினையாகிப் போனது.

அப்புறம் கிளிநொச்சி டவுனில் ஒருவரைக் காட்டினார்கள். மேசை, கதிரை, பைல் எல்லாம் வைத்திருந்தார். "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. மாதம் 20,000 என்னட்டைத் தாங்கோ, நாலு இடத்துக்கும் நான் பிரிச்சுக் கட்டுறன்" என்றார். பைல் திறக்க 15,000. மாதா மாதம் தருகிற 20,000இல் 2,500 அவருடைய கூலி. மூன்று மாதம் கொடுத்தேன். மூன்றாம் மாத முடிவில் லீசிங் தம்பிமார் இரண்டு பேர் படலையடியில் நின்று லாண்ட்மாஸ்ரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், அவர் சின்னக் குழுக்கடன் ஒன்றுக்கு மட்டும்தான் கட்டியிருக்கிறார். மற்ற இடங்களில் "கதைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். அவருடைய கூலி மட்டும் 22,500. எங்கள் லீசிங் தவணை 11,400. கணக்கை நீங்களே பாருங்கள்.

அன்றிரவு மகளின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். எவ்வளவு கடன் என்பதை விட, கட்டாவிட்டால் எது முதலில் கடிக்கும் என்று பார்த்தேன். லீசிங் முடியும்வரை வாகனப் புத்தகத்தில் உரிமை கொம்பனிக்குத்தான். லாண்ட்மாஸ்ரர் போனால் உழவுக் கூலியும் போகும். குழுக்கடனில் நான் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காமார் கட்ட வேண்டும். வட்டியை விட அந்தக் கூட்டத்தில் தலைகுனிந்து இருப்பதுதான் பாரம். சங்கிலிக்கு வட்டி குறைவு, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாம். ஆகவே லீசிங் முதலில், சங்கிலி கடைசியில். அந்தப் பைல்காரர் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார்.

கிராம சேவையாளரிடம் பயிரழிவுக் கடிதம் வாங்கிக்கொண்டு லீசிங் ஒப்பீசுக்குப் போனோம். முதல் நாள் மனேஜர் இல்லை. இரண்டாம் நாள் இருந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "சிறுபோகம் ஆவணியில் வெட்டுவோம், அதுவரை மாதம் 6,000 தான் முடியும்" என்று கொப்பியைக் காட்டினேன். மிச்சத்தைக் கடைசித் தவணைகளோடு சேர்க்கச் சம்மதித்தார். எழுத்தில் கேட்டேன், கொஞ்சம் முகம் சுளித்தாலும் தந்தார். ஒரு குழுக்கடன்காரர் கிழமைத் தவணையைப் பாதியாக்கினார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. சிறுபோகக் காசில் அவர்களைத்தான் முதலில் முடித்தேன்.

வவுனியாவிலிருந்து:

அக்கா, ஒரு விஷயம் சேர்க்கிறேன். "வருடம் 24 வீதம்தான்" என்று சொன்னால் எதற்கு 24 வீதம் என்று கேளுங்கள். ஒரு லட்சம் எடுத்து 12 மாதத்தில் 1,24,000 கட்டினால் மாதம் 10,333. முதல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் அது 41 வீதத்துக்கும் மேலே வரும். இதை ஒரு கொம்பனித் தம்பியிடம் கேட்டேன், அவருக்கே தெரியவில்லை, பாவம்.

இன்னொன்று. லண்டனில் இருக்கும் மச்சாளும் இதே மாதிரி ஒரு கொம்பனிக்கு மாதக் கூலி கொடுத்துக் கடனடைத்தவ. அங்கே ஸ்டெப்சேஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அதே வேலையை இலவசமாகச் செய்கிறது என்று ஒன்றரை வருடம் கழித்துத்தான் அவவுக்குத் தெரிந்தது.

தர்மபுரத்திலிருந்து:

நான் தவறு செய்தவன், எழுதுகிறேன். ஓட்டோ லீசிங்கில் இரண்டு தவணை விட்டுவிட்டுப் போனையும் எடுக்காமல் இருந்தேன். ஓட்டோவைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். மீட்கப் போனபோதுதான் கணக்குக் கூற்றைப் பார்த்தேன். நான் கட்டிய காசு முதலில் தண்ட வட்டிக்குத்தான் போயிருக்கிறது, முதல் அப்படியே நிற்கிறது. கூற்றை மூன்று மாதத்துக்கு ஒருக்காவாவது கேட்டு வாங்குங்கள். பிரச்சினை என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியை வைத்துக்கொண்டு, மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குப் போன் எடுங்கள். தமிழில் கதைக்கலாம்.

முள்ளியவளையிலிருந்து:

எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள். என் அம்மாவுக்கு வந்த கடிதங்கள் சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தன. வாசித்துப் பதில் எழுத ஒருவருக்கு 500 ரூபாய் கொடுத்தோம். அது அவருடைய உழைப்பு. காசு மட்டும் அவர் கையால் போகவில்லை, அம்மாவே கவுண்டரில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினா. பிறகு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து, அங்கே எடுத்த கடனால் கிழமைக் கடனை முடித்தோம். அது கடனுக்குக் கடன்தான், ஆனால் வட்டி குறைந்தது.

முரசுமோட்டையிலிருந்து:

முள்ளியவளைத் தங்கச்சி சொல்வது சரி. நானும் கடிதம் எழுதுவிக்கத்தான் போயிருக்க வேண்டும்.

லீசிங் முடிந்து புத்தகம் எங்கள் பெயருக்கு மாறிவிட்டது. கடன் தீர்ந்த கடிதத்தையும் கேட்டு வாங்கினேன். அப்படியும் கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் பழைய நிலுவை கிடந்தது. வங்கி மூலம் அறிக்கை எடுத்து, கடிதத்தைக் காட்டித்தான் திருத்துவித்தோம். சங்கிலியை இந்த மாசி மாதம் மீட்டேன்.

அந்த 15,000ஐத் திருப்பிக் கேட்க மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் அந்த இடத்தில் போன் ரீசார்ஜ் கடை இருந்தது.