"வீ சென்ட்", "வீ ஹேவ் சென்ட்", "வீ ஹேட் சென்ட்": பையருக்கு எழுதும்போது எது சரி?

ராணிப்பேட்டை மெர்ச்சன்டைசர் கேட்டது:

வணக்கம். ஷூ அப்பர் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. நாள் முழுக்க வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுத வேண்டும். போன திங்கட்கிழமை சாம்பிள் கூரியரில் போனது. மறுநாள் "வீ சென்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே" என்று எழுதினேன். மேனேஜர் பார்த்துவிட்டு "வீ ஹேட் சென்ட்" என்று மாற்றச் சொன்னார். வெறும் "சென்ட்" மொட்டையாக இருக்கிறதாம், "ஹேட்" போட்டால்தான் மரியாதையாம். பக்கத்து சீட்டு அக்கா, நேற்று நடந்ததுதானே, "வீ ஹேவ் சென்ட்" போடு என்கிறார்.

இணையத்தில் தேடினால் பன்னிரண்டு காலத்துக்கும் கட்டம் போட்ட அட்டவணைதான் கிடைக்கிறது. அது எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஆம்பூர் க்யூசி:

ரொம்ப சிம்பிள் சிஸ்டர். இப்போதுதான் நடந்தது என்றால் "ஹேவ்". கொஞ்சம் முன்னால் என்றால் வெறும் பாஸ்ட். ரொம்ப முன்னால் என்றால் "ஹேட்". எங்களுக்கு டியூஷனில் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

குடியாத்தம் டீச்சர்:

மா, நீங்கள் எழுதியதுதான் சரி. மாற்ற வேண்டாம்.

ஆம்பூர் தம்பி சொன்னதைப் பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் நடந்தது எவ்வளவு பழசு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போனவரையும் "ஹி லெஃப்ட் ஃபைவ் மினிட்ஸ் அகோ" என்றுதான் சொல்ல வேண்டும், "ஹேஸ்" வராது. பாலாற்றங்கரையில் ஆயிரக்கணக்கான வருஷமாக ஜனங்கள் வாழ்வதைச் சொன்னால் "பீப்பிள் ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் தவுசண்ட்ஸ் ஆஃப் இயர்ஸ்". இவ்வளவு பழசுக்கும் "ஹேவ்"தான்.

பார்க்க வேண்டியது, நேரத்தைச் சொல்லிவிட்டோமா என்பதை. மண்டே, எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ என்று முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறித்துவிட்டால் "ஹேவ்" அங்கே நிற்காது. நேரம் சொல்லாமல், வேலை முடிந்தது, இனி உங்கள் பக்கம் என்று தெரிவிக்க வேண்டுமானால் "வீ ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ்" நல்ல வாக்கியம். அதற்கு அடுத்த வரியிலேயே "வீ சென்ட் தெம் ஆன் மண்டே பை கூரியர்" என்று விவரம் கொடுக்கலாம். முதல் வரி செய்தி, இரண்டாவது வரி நடந்த கதை.

அக்காவுக்கும் மேனேஜருக்கும் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாம் தமிழில் "நேத்தே அனுப்பியிருக்கேன் சார்" என்று தாராளமாகச் சொல்வோம். அந்த "இருக்கேன்" ஆங்கிலத்தில் "ஹேவ்" ஆகிவிடுகிறது. தமிழ் "நேற்று"டன் அதைச் சேர்க்க விடும், ஆங்கிலம் விடாது. அதே மாதிரி "போன வாரம் ஒரு மெயில் அனுப்பியிருந்தேனே" என்கிறோம். இதில் அந்த "இருந்தேன்" பக்குவமாக ஞாபகப்படுத்துகிறது, பணிவும் இருக்கிறது. மேனேஜர் "ஹேட்"டில் கேட்கும் மரியாதை இந்தத் தமிழ் "இருந்தேன்"தான். ஆங்கிலக்காரர் காதில் அது விழாது. "வீ ஹேட் சென்ட்" என்று படித்ததும் அவர், சரி, அப்புறம் என்ன ஆயிற்று, பார்சல் திரும்பி வந்துவிட்டதா என்று அடுத்த வரியைத் தேடுவார். மரியாதை வேண்டுமென்றால் "வீ ஆர் ப்ளீஸ்ட் டு இன்ஃபார்ம் யூ" இருக்கிறது, "குட் யூ ப்ளீஸ்" இருக்கிறது.

"ஹேட்"டுக்கு இரண்டு சம்பவம் வேண்டும். இரண்டும் முடிந்துபோனவை, ஒன்று மற்றதற்கு முந்தியது. வகுப்பில் இதற்கு வேலூர்க் கோட்டையைத்தான் எடுப்பேன், எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அகழியைப் பார்த்தவர்கள். 1806 ஜூலை 10, விடியும் முன் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். மைசூர்க் கொடி ஏறியது. சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். இப்போது எழுதுங்கள்: "வென் கில்லெஸ்பி ரீச்ட் வேலூர், தி சிப்பாய்ஸ் ஹேட் டேக்கன் மோஸ்ட் ஆஃப் தி ஃபோர்ட்." அவர் வருமுன்பே கோட்டை போய்விட்டது. "ஹேட் டேக்கன்" இருக்கும் இடத்தில் "டுக்" போட்டால், அவர் வந்தார், அதற்கப்புறம்தான் பிடித்தார்கள் என்று ஆகிவிடும். வரலாறே தலைகீழ்!

ஆனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் "ஹேட்" தேவையே இல்லை. "தே ரோஸ், தே ஹாய்ஸ்டட் தி ஃப்ளாக், கில்லெஸ்பி கேம் ஃப்ரம் ஆற்காட்" என்று எல்லாம் வெறும் பாஸ்டில் ஓடும். நடுவில் நின்று, ஏன் எழுந்தார்கள் என்று பின்னால் திரும்பும்போதுதான் அது வர வேண்டும்: "தி ஆர்மி ஹேட் இன்ட்ரட்யூஸ்ட் எ நியூ டர்பன் தி ப்ரீவியஸ் நவம்பர்." பாருங்கள், இங்கே மாதம் சொல்லியும் "ஹேட்" நிற்கிறது. நேரத்தைக் கண்டால் ஒதுங்குவது "ஹேவ்" மட்டும்தான். "பிஃபோர்", "ஆஃப்டர்" இருந்தால் வரிசையை அதுவே சொல்லிவிடும், வெறும் பாஸ்ட் போதும்.

உங்கள் மேனேஜரின் வாக்கியத்துக்கும் இடம் உண்டு. பையர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார் என்று வையுங்கள். "வென் யூ கேன்சல்ட் தி ஆர்டர், வீ ஹேட் ஆல்ரெடி சென்ட் தி சாம்பிள்ஸ்." கூரியர் செலவு யார் தலையில் என்று பேச வேண்டி வந்தால் அந்த "ஹேட்"தான் உங்கள் பக்கம் நிற்கும்.

இன்னொன்று. நான் படித்த காலத்தில் இந்தப் பக்கம் எல்லாமே வட ஆற்காடு. "நார்த் ஆற்காட் வாஸ் ஸ்ப்ளிட் இன் 1989." முடிந்த கதை. "ராணிப்பேட்டை ஹேஸ் பீன் எ செபரேட் டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2019." இது இன்றைக்கும் தொடர்கிறது, அதனால் "ஹேஸ் பீன்". ஆம்பூர் இப்போது திருப்பத்தூரோடு போய்விட்டது, ஆகவே "ஆம்பூர் யூஸ்ட் டு பி இன் வேலூர் டிஸ்ட்ரிக்ட்." முன்பு இருந்தது, இப்போது இல்லை என்பது இந்த ஒன்றிலேயே வந்துவிடும்.

வாணியம்பாடி எக்ஸ்போர்ட்ஸ்:

டீச்சர், ஒரு சந்தேகம். எங்கள் ஜெர்மன் பையரே "வீ ஹேவ் பெய்ட் எஸ்டர்டே" என்று எழுதுகிறார். அமெரிக்காக்காரர் "வீ ஆல்ரெடி பெய்ட்" என்கிறார். யாரைப் பின்பற்றுவது?

குடியாத்தம் டீச்சர்:

ஜெர்மன்காரருக்கும் நம்முடைய கஷ்டம்தான். அவர்கள் பேச்சுமொழியில் "நேற்று"டன் "ஹேவ்" மாதிரியான அமைப்பு சகஜமாக வரும், அதை அப்படியே கொண்டு வருகிறார். அமெரிக்கர் எழுதியது அவர்கள் ஊர் வழக்கம், தப்பில்லை. பிரிட்டிஷ் வழக்கத்தில் "வீ ஹேவ் ஆல்ரெடி பெய்ட்". இந்த "ஆல்ரெடி" விஷயத்தில் இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். "ஹேவ்" கூட "எஸ்டர்டே" மட்டும் இரண்டு ஊரிலும் கிடையாது.

காட்பாடி நர்சிங் மாணவி:

டீச்சர், நானும் கேட்கலாமா? கேஸ் ஹிஸ்டரி எழுதும்போது "மூணு நாளா காய்ச்சல்" என்பதை "ஹி இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்" என்று எழுதுகிறோம். சரியா?

குடியாத்தம் டீச்சர்:

கண்டிப்பாகக் கேட்கலாம் கண்ணு, உங்கள் வேலையில்தான் இது ரொம்ப முக்கியம். இன்னும் காய்ச்சல் அடித்தால் "ஹி ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்." "ஹேஸ் ஹேட்" காதுக்கு இடறும், ஆனால் அதுதான் சரி. காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் "ஹி ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்." அந்த ஒரு "ஹேஸ்" விடுபட்டால், அடுத்த ஷிஃப்டில் படிப்பவர் காய்ச்சல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். "சின்ஸ்" போட்டால் ஆரம்பித்த நாளைச் சொல்ல வேண்டும்: "சின்ஸ் சண்டே". எத்தனை நாள் என்றால் "ஃபார்".

அட்மிஷனுக்கு முன்னால் வீட்டிலேயே மாத்திரை போட்டிருந்தால் "ஹி ஹேட் டேக்கன் பாராசிட்டமால் பிஃபோர் அட்மிஷன்". "டுக்" என்று எழுதினாலும் தப்பில்லை, "பிஃபோர்" இருக்கிறது. எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் கேட்டுப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.