கோத்தகிரி மிஸ்ட்ல பி ஃபேஸ் டெர்மினேஷன் மூணாவது தடவை போயிடுச்சு, கேபிள மாத்தணுமா?

டிபி_கம்பம்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரில எலக்ட்ரீஷியனா இருக்கேன். 11 கேவி சப்ளை, டிபி ஸ்ட்ரக்சர், அதாவது லைன் வந்து இறங்குற ரெட்டைக் கம்பத்துல இருந்து ட்ரான்ஸ்ஃபார்மர் யார்டு வரைக்கும் 95 ஸ்கொயர் எம்எம் மூணு கோர் அலுமினியம் எக்ஸ்எல்பிஇ (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள், சுமாரா 80 மீட்டர். கம்பத்து பக்கம் வெளியில இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் டெர்மினேஷன்ல (சூடு காட்டி சுருக்கிப் போடுற கேபிள் முனை), ஆர், ஒய், பின்னு இருக்கிற மூணு ஃபேஸ்ல பி மட்டும் திரும்பத் திரும்ப வெடிக்குது. மொதல்ல போட்டது 6 வருஷம் நின்னுச்சு, அதை மாத்திப் போட்டது 8 மாசம், அதுக்கப்புறம் போட்டது 3 மாசம்கூட நிக்கல. மூணும் விடியக்காலைல, மிஸ்ட் இறங்கி கம்பமே தெரியாத நேரத்துல எர்த் ஃபால்ட்ல ட்ரிப் ஆனதுதான்.

பொசுங்கினதை வெட்டி எடுத்துட்டு பி கோருக்கு 5 கேவி மெக்கர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) போட்டா 2000 மெகா ஓமுக்கு மேல காட்டுது. ஆனா நல்லா இருக்கிற ஆர் ஃபேஸ்லயே காலையில 40தான், மத்தியானம் வெயில் வந்தா 1500. கேபிள் முனை போடுற ஜாயின்டர், கிட்டு மட்டம்ங்கறாரு, கான்ட்ராக்டர் கேபிளே போச்சு மொத்தமா மாத்துங்கன்றாரு. ஒவ்வொரு தடவையும் ட்ரஃப்ல (இலை வாட்டுற தொட்டி) போட்ட இலை ஃபேன் நின்னு சூடேறி சிவந்து போகுது, சிறு விவசாயிங்க முதுகுல சுமந்து கொண்டு வந்த இலை அது, பாக்கவே வயிறு எரியுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர்_ஹெச்டி:
ப்ரோ, அந்த 40ஐ பாத்து பயப்படாதீங்க, அது பெரும்பாலும் மேல்பரப்புல ஓடுற லீக்கேஜா இருக்கும். சந்தேகம்னா எல்.சி. (லைன ஆஃப் பண்ணி வேலை பாக்கிறதுக்கான அனுமதி) வாங்கி, ரெண்டு பக்கமும் டிஸ்சார்ஜ் பண்ணி எர்த் போட்டு, முனையில இருக்கிற உலோக லக்கையெல்லாம் கழட்டிட்டு, டெர்மினேஷன் மேல வெறும் செம்புக் கம்பிய ரெண்டு சுத்து சுத்தி மெக்கரோட கார்டு டெர்மினல்ல குடுங்க, அப்ப மேல ஓடுற லீக்கேஜ் கணக்குல வராது. எர்த்த எடுத்துட்டு மெக்கர் போட்டுப் பாருங்க. அப்ப ரீடிங் சட்டுனு ஏறினா வெளில இருக்கிற ஈரம், ஏறலைன்னா உள்ள பிரச்சனை. முடிஞ்சதும் திரும்ப டிஸ்சார்ஜ் பண்ண மறக்காதீங்க.

உங்க ட்ரையர் அடுப்புப் புகையும் தேயிலைத் தூசியும் டெர்மினேஷன்ல குடை மாதிரி இருக்கிற ஷெட்டுங்க மேல படியுதான்னு பாருங்க. நல்ல மழை பெஞ்சா கழுவி விட்டுடும், மிஸ்ட் அப்படி இல்ல, அழுக்க நனைச்சுட்டு அப்படியே நிக்கும், அதுலதான் கரண்ட் ஊர்ந்து போய் ட்ராக்கிங், அதான் மேல்பரப்பு கருகித் தடம் விழறது, ஆரம்பிக்குது. உயரம் வேற, 1000 மீட்டருக்கு மேல போகப் போக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் காத்தோட தாங்கும் சக்தி சுமாரா 1 சதவீதம் குறையும், நீங்க 1700க்கு மேல இருக்கீங்க. ஆனா இதெல்லாம் மூணு ஃபேஸுக்கும் பொதுதானே, பி மட்டும் ஏன் போகுதுன்னு எனக்கும் புரியல.

பழைய_ஜாயின்டர்:
தம்பி, குந்தா பக்கம் முப்பது வருஷம் இந்த வேலைதான் பாத்தேன். 6 வருஷம், 8 மாசம், 3 மாசம்னு நீ எழுதினியே, அதைப் படிச்சதும் எனக்குக் கேபிள் மேல சந்தேகம் போகல, கைவேலை மேலதான் போச்சு. வெடிச்ச துண்ட தூக்கிப் போட்டுட்டியா? போடலைன்னா அத நீளவாக்குல பிளந்து பாரு. லக்க மொதல்ல அறு, இழைங்களுக்கு நடுவுல வெள்ளைப் பொடி பூத்திருந்தா லக்கு வழியா தண்ணி இறங்கிருக்குன்னு அர்த்தம். அப்புறம் இன்சுலேஷன் மேல இருக்கிற கருப்பு செமிகான் லேயர் முடியிற இடத்தைப் பாரு. எங்க வெடிச்சாலும் ஓட்டை எங்க ஆரம்பிச்சுதுன்னு பாக்கணும், வெளிலருந்து உள்ள போச்சா உள்ளருந்து வெளில வந்துச்சா. செமிகான் வெட்டுன ஓரத்துல துணியால துடைச்சு நகத்த வெச்சு சுத்தி வா, நகம் மாட்டுச்சுன்னா கத்தி இறங்கிருக்கு. இன்சுலேஷன் மொத்தமே 3.6 மில்லிதான் தம்பி, அதுல அரை மில்லி கீறல் விழுந்தாலும் அந்த இடத்துலதான் மின் ஃபீல்டு குவியும், உள்ள காத்து இருந்தா சிறு சிறு பொறியா அரிச்சுக்கிட்டே போகும். மஞ்சள் மாஸ்டிக் பசை அந்த ஓரத்தை மூடி இருக்கணும், அதுக்காகத்தான் கிட்டுலயே குடுக்கறான்.

இன்னொண்ணு, கோரோட நீளத்தையும் அள. ஒவ்வொரு தடவையும் வெட்டிருக்கீங்க, குட்டையாகிருக்கும்.

டிபி_கம்பம்:
ஐயா, கும்பிடறேன். கடைசியா வெடிச்சது ஸ்டோர்ல கிடந்துச்சு, ராத்திரி உக்காந்து பிளந்தேன். லக்குல இழையெல்லாம் பளபளன்னு காஞ்சு இருக்கு. செமிகான் ஓரத்துல நகம் மாட்டுது ஐயா, பாதி வட்டத்துக்கு ஒரு கீறல், வேப்பிலை காம்பு கனத்துக்கு, பொசுங்கின கால்வாய் அந்தக் கீறல்லதான் ஆரம்பிச்சு வெளில வருது. மஞ்சள் மாஸ்டிக் அந்த ஓரத்துல இல்லவே இல்ல, அரை இஞ்ச் கீழ தள்ளி இருக்கு. நீளமும் அளந்தேன், பி கோர் மத்த ரெண்ட விட கிட்டத்தட்ட ஒரு அடி குட்டை. இடம் பத்தாம ஃபீல்ட பரப்பி விடற ஸ்ட்ரெஸ் கன்ட்ரோல் ட்யூபையே வெட்டி சின்னதாக்கிருக்காங்க, ஷெட்டும் மூணுக்கு பதில் ரெண்டுதான்.

பழைய_ஜாயின்டர்:
அப்ப அதேதான். 80 மீட்டரையும் மாத்தாத. கம்பத்தடில புதைச்ச லூப் இருக்கும், மண்ணைத் தோண்டி அதுலருந்து மேல இழுத்தா ஒரு அடி என்ன ரெண்டு அடியே கிடைக்கும், பழைய டெர்மினேஷன வெட்டிட்டு மூணு ஃபேஸையும் ஒரே நாள்ல புதுசா போடு. செமிகான உரிக்க அதுக்குன்னு இருக்கிற டூல் கேளு, ஜாயின்டர்கிட்ட இல்லைன்னா வேற ஆள பாரு. கேஸ் டார்ச்ச வெயில் வந்தப்புறம் மட்டும் பத்த வை, கோர் துளியும் ஈரமா இருக்கக் கூடாது. முடிஞ்சதும் பழைய கேபிள்ங்கறதால டிசி ஹைபாட் (ஹை வோல்டேஜ் டிசி குடுத்துப் பாக்கிறது) வேணாம், 0.1 ஹெர்ட்ஸ் விஎல்எஃப் (ரொம்ப மெதுவா மாறுற ஏசி) டெஸ்ட் பண்ண ஆள் கிடைச்சா பண்ணிடு.

டிபி_கம்பம்:
ஞாயித்துக்கிழமை இலை வராது, அன்னைக்கே எல்.சி. கேட்டிருக்கேன் ஐயா. கீறல் விழுந்த துண்ட முதலாளி மேஜை மேல வெச்சேன், நகத்த வெச்சுப் பாருங்கன்னு சொன்னேன். கேபிள் ஆர்டர நிறுத்திட்டாரு.