புதுப்பிப்பு: டெபியன் 12-இல் லிப்ரேஆபிஸ் மட்டும் புதிதாக

டெபியன் 12 (புக்வோர்ம்) லினக்ஸில் லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை மட்டும் புதுப்பிக்க, அடுத்த வெளியீடு தயாராகும் டெஸ்டிங் கிளையிலிருந்து எடுக்கப் போனால், மற்ற நிரல்களெல்லாம் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான லிப்சி-யும் சேர்ந்து மாறப் பார்க்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது.

டெஸ்டிங்கை சோர்ஸ் பட்டியலிலிருந்து (பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்ற பட்டியல்) எடுத்துவிட்டு, டெபியன் 12-க்கான புதிய பதிப்புகளைத் தரும் புக்வோர்ம் பேக்போர்ட்ஸைச் சேர்த்தேன். அதிலுள்ள பேக்கேஜ்கள் டெபியன் 12-இன் லைப்ரரிகளை வைத்தே மறுபடி கம்பைல் செய்யப்பட்டவை. அதனால் லிப்சி அப்படியே இருக்கிறது. எங்கிருந்து எடுப்பது என்று ஆப்ட் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) பார்க்கும் முன்னுரிமை எண்ணும் பேக்போர்ட்ஸுக்கு இயல்பாகவே குறைவு, 100தான். நாமாகக் கேட்காமல் அங்கிருந்து புதிதாக எதுவும் உள்ளே வராது. ஒருமுறை நிறுவியதற்கு மட்டும் அடுத்தடுத்த பதிப்புகள் வழக்கமான அப்கிரேடில் வந்துவிடும். இந்த எண்ணை நாமே மாற்றும் பின்னிங் ஃபைல் எழுத உட்கார்ந்ததே வீண் வேலை!

நிறுவும் முன் ஆப்ட்டின் சிமுலேட் ஆப்ஷனில் (எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்ப்பது) ஓட்டி, எதெல்லாம் நீக்கப்படும் என்ற பட்டியலைப் பார்த்தேன். காலி. அப்புறம்தான் நிஜமாக நிறுவினேன். தமிழ் மொழிப் பேக்கேஜையும் அதே கட்டளையில் சேர்த்துவிடுங்கள்.