புதுப்பிப்பு: ஈஆர்பியில் இருந்து சாயப்பட்டறை சலானைப் பிரிக்கிறது

திருப்பூர் பனியன் கம்பெனியோட ஒரே உருண்டையான ஈஆர்பியை (ஸ்டாக், சம்பளம்னு எல்லாத்தையும் பார்க்கற சாஃப்ட்வேர்) எங்கிருந்து உடைக்கலாம்னு முன்னாடி கேட்டிருந்ததுக்கு இது தொடர்ச்சி. சாயப்பட்டறைக்குப் போய் வர்ற துணிக் கணக்குதான் முதல்லனு முடிவாயிருச்சு. சம்பளப் பக்கம் இப்போதைக்குக் கை வைக்கறதில்லை.

சலானும் (துணி அனுப்பற சீட்டு) அதுக்கான நிகழ்வும் (“சலான் போட்டாச்சு”ங்கற செய்தி) ஒரே டிரான்சாக்‌ஷன்ல பதியணும்: பதிஞ்சா ரெண்டும், இல்லேன்னா ரெண்டுமே இல்லை. நிகழ்வு அவுட்பாக்ஸ் டேபிளுக்கு (அனுப்ப வேண்டிய செய்திகள் காத்திருக்கற இடம்), அங்கிருந்து ரிலே (எடுத்து அனுப்பற புரோகிராம்) வழியா காஃப்காவுக்கு (மத்த சிஸ்டங்களுக்குச் செய்தியைக் கொண்டுபோறது). ரிலேயை “கடைசியா எடுத்த ஐடிக்கு மேல இருக்கறதைக் கொடு”ன்னு எழுதினா விட்டுப்போகும்: 101 கமிட் ஆகறதுக்குள்ள (உறுதியாப் பதியறதுக்குள்ள) 102 ஆயிரும், ரிலே 102ஐ எடுத்துட்டு மேல போயிரும், அப்புறம் 101 யார் கண்ணுலயும் படாது. அதனால டெபீசியம்ங்கற டூலை வெச்சு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வெக்கற வால் (WAL) லாக்கையே படிக்கறது மேல்.

அதுலயும் ஒரு வம்பு இருக்குங்க. டெபீசியம் நின்னுட்டா ரெப்ளிகேஷன் ஸ்லாட் (அது எது வரைக்கும் படிச்சிருக்குனு போஸ்ட்கிரெஸ் வெச்சிருக்கற குறி) பழைய லாக்கை விடாது, டிஸ்க் நிறைஞ்சிரும். ஸ்லாட்டுக்காக எவ்வளவு லாக் வெச்சிருக்கலாம்னு வரம்பு போட, போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்புல இருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்ங்கற செட்டிங் இருக்கு. டீஃபால்ட் -1, வரம்பே கிடையாது. வரம்பு போட்டு அது தாண்டினா ஸ்லாட் செல்லாமப் போய், ஸ்னாப்ஷாட் (டேபிள்ல இருக்கறதை முழுசா ஒரு தரம் படிக்கறது) மறுபடி எடுக்கணும். டேட்டாபேஸே நிக்கறதுக்கு இது தேவலை.

ஒரே செய்தி ரெண்டு தடவை வரத்தான் செய்யும். 500 கிலோ கிரே துணி (சாயம் போடாதது) ஸ்டாக்குல ரெண்டு தரம் கழியாம இருக்க, வாங்கற பக்கம் நிகழ்வு ஐடிக்கு யூனிக் கீ (ஒரு ஐடி ஒரு தரம்தான் பதியும்) போட்டு, அதே டிரான்சாக்‌ஷன்லயே ஸ்டாக்கையும் மாத்துங்க.