மறுமொழி: விளிம்பு வெட்டப்பட்ட காமிக்ஸுக்கு ஒரு சொல் – 'மறுவெட்டு'?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய காமிக்ஸ் இதழின் விளிம்பைப் பிற்காலத்தில் யாரோ வெட்டிச் சரிசெய்திருந்தால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: விளிம்புச் சீவல், ஓரக்குறைப்பு, கத்தரிப்பு, பின்வெட்டு, கள்ளவெட்டு. ஐந்தையும் இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எதுவும் நிறைவு தரவில்லை. காரணத்தைச் சொல்ல, அந்த வெட்டு எப்படி நடக்கிறது, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாக் காமிக்ஸும் வெட்டப்பட்டவைதான். அச்சடித்த தாளை மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மேலே அட்டையைப் போர்த்தி, முதுகில் சென்டர் பின் அடித்த பிறகு, மேல், கீழ், முன் (முதுகுக்கு எதிரே இதழ் திறக்கும் பக்கம்) ஆகிய மூன்று பக்கங்களையும் கட்டிங் மெஷின் சீராக வெட்டித் தள்ளுகிறது. அதற்குப் பிறகுதான் இதழ் கடைக்குப் போகிறது. ஆகவே 'வெட்டப்பட்ட விளிம்பு' என்றால் அது பிறவி அடையாளம். நாம் பெயர் தேடுவது, இதழ் வெளியாகிப் பல ஆண்டுகள் கழித்து விழுந்த இன்னொரு வெட்டுக்கு. ஆங்கிலத்தில் அச்சகத்தில் நடப்பதற்கும் சேகரிப்பாளரின் மேசையில் நடப்பதற்கும் 'டிரிம்' என்ற ஒரே சொல்தான். அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? புதிதாகச் சொல் ஆக்கும்போதே இரண்டையும் பிரித்துவிடலாம். சீவல், ஓரக்குறைப்பு, கத்தரிப்பு மூன்றும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. எந்த வெட்டு என்பதை அவை சொல்வதில்லை.

ஏன் வெட்டுகிறார்கள் என்பது எளிது. கைபட்டுக் கைபட்டு முன் விளிம்பு நைந்துபோகும், மூலை மழுங்கும், சிறு கிழிசல் விழும். ஒன்றரை மில்லிமீட்டரைக் கூர்மையான கத்தியால் எடுத்துவிட்டால் விளிம்பு புதிதுபோல நிற்கும், தரமும் உயர்ந்து தோன்றும். ஆனால் போன தாள் போனதுதான். குறையை மறைக்க நிறம் பூசியிருந்தால் சில சமயம் எடுக்கலாம், ஒட்டியதைப் பிரிக்கலாம். வெட்டியதைத் திரும்ப வைக்க வழியே கிடையாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சிஜிசி என்ற காமிக்ஸ் தரமதிப்பீட்டு நிறுவனம், இப்படி வெட்டப்பட்ட இதழுக்குச் சீரமைக்கப்பட்டவற்றுக்கான ஊதா நிறத் தரச்சீட்டைத் தருகிறது. குறைத்ததைச் சீரமைப்பு என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. நம் சொல்லில் 'சீர்' என்ற வாசனையே வரக்கூடாது என்பது என் பிடிவாதம்.

இனி, கண்டுபிடிப்பது. என்னிடம் 1960களின் அமெரிக்க இதழ் ஒன்றின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, முதுகில் வெள்ளைக் கோடுகள் விழுந்து, மூலைகள் உருண்ட சாதாரணப் பிரதி. மற்றது நல்ல விலை கொடுத்து வாங்கியது. விற்றவர் 'கைபடாதது' என்று எழுதியிருந்தார். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, சாதாரணப் பிரதியின் முன் விளிம்பு மற்றதற்கு வெளியே மெல்லிய நூலளவு எட்டிப் பார்த்தது. அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஒரே அச்சில் வந்த பிரதிகளுக்குள்ளும் அச்சக வெட்டு முன்பின்னாக விழும். ஆனால் அதன்பின் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டவை மனத்தைக் கனக்கச் செய்தன.

முதலில் பழுப்பு. மலிவான செய்தித்தாள் ரகக் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் படும் விளிம்பிலிருந்து அது உள்நோக்கிப் பழுக்கத் தொடங்கும். என் சாதாரணப் பிரதியைத் திறந்தால் மூன்று விளிம்புகளிலும் தேநீர்க் கறைபோல ஏறத்தாழ ஒரே அகலத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. விலை கொடுத்து வாங்கியதில் மேலும் கீழும் அதே பட்டை, அதே அகலம். முன் விளிம்பில் மட்டும் அது பாதியாகக் குறுகியிருந்தது. பழுப்பு மிகுந்திருக்க வேண்டிய வெளிப்பகுதியையே யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! இதழை மூடி, தாள்களின் வெட்டுமுகத்தைப் பக்கவாட்டில் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. மேல் முகம் காய்ந்த சருகு நிறம், முன் முகம் பாலாடை நிறம். ஒரே இதழின் இரண்டு முகங்களுக்கு இரண்டு வயது.

பிறகு பத்து மடங்கு உருப்பெருக்கி. பழைய விளிம்பு கம்பளித்துணிபோல இருக்கிறது: இழைகள் எழுந்து நிற்கின்றன, அவற்றுக்கிடையே தூசி படிந்திருக்கிறது, அட்டையின் மை ஓரத்தில் தேய்ந்து வெளிறியிருக்கிறது. வெட்டிய விளிம்பில் இழைகள் ஒரே மட்டத்தில் அறுபட்டுப் பளிச்சென்று நிற்கின்றன. அட்டையில் அச்சான சிவப்பு, கடைசி இழை வரை மங்காமல் வந்து அங்கேயே முறிகிறது. மேல் வலது மூலை விரலைக் குத்தும் அளவுக்குக் கூர்மை. முதுகுப் பக்கத்து மூலையோ உருண்டு, மடிந்து, அழுக்கேறியிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஓர் இதழின் ஒரு மூலைக்கு மட்டும் வயதாகாமல் இருக்குமா?

கத்தி விட்ட கோடுகளையும் பார்க்க வேண்டும். கத்தியில் சிறு பல் பெயர்ந்திருந்தால் அது தாளடுக்கின் முகத்தில் ஒரு கோட்டை இழுத்துவிடும். அச்சகக் கத்தியும் இதைச் செய்யும் என்பதால் கோடு இருப்பதே குற்றச்சான்று ஆகாது. கோட்டின் உட்புறமும் மற்ற இடம்போலப் பழுத்திருந்தால் அது பழைய கோடு. வெளிறிப் பளபளத்தால் புதியது. இந்தக் கோட்டுக்குக் 'கத்திவரி' என்று பெயர் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில பழைய இதழ்களின் மேல் விளிம்பில் விநியோகத்தார் தெளித்த வண்ண மை இருக்கும். அட்டையில் மையின் சிதறல் தெரிந்து, தாள்முகத்தில் அது இல்லையென்றால் அங்கே கத்தி பட்டிருக்கிறது. இதழைப் பிரித்து அட்டையை மட்டும் வெட்டியிருந்தால் அட்டை உள்தாளைவிடக் குறுகி நிற்கும். முழு இதழாக வைத்து வெட்டியிருந்தால் இது உதவாது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் வந்த மார்வெல் இதழ்களின் அட்டை விளிம்பில் அச்சகத்திலேயே சிறு சில்லுகள் பெயர்ந்திருப்பது அடிக்கடி காணப்படும் குறை. அதே காலத்துப் பிரதி ஒன்றில் விளிம்பு மிகத் தூய்மையாக இருந்தால் மகிழ்வதற்கு முன் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. அளவுப் பட்டியலை மட்டும் நம்புவது ஆபத்து. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க இதழ்களின் அகலம் சுமார் 7¾ அங்குலம், இன்று சுமார் 6⅝ அங்குலம். இடையில் படிப்படியாகக் குறுகி வந்திருப்பதால், அதே இதழின் இன்னொரு பிரதியோடு ஒப்பிடுவதே சரியான அளவுகோல்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

மேலே சொன்ன அடையாளங்கள் அனைத்தும் ஒன்றையே காட்டுகின்றன: ஒரே பொருளில் காலத்தால் வேறுபட்ட இரண்டு வெட்டுகள். சொல்லும் அதையே சொல்ல வேண்டும். 'பின்வெட்டு' இதற்கு மிக நெருங்கி வருகிறது, பரிந்துரைத்த நண்பருக்கு நன்றி. ஆனால் நூலைப் பற்றிப் பேசும் இடத்தில் 'பின்' என்பது பின்னட்டையையும் சென்டர் பின்னையும் நினைவூட்டிவிடும். 'பின்வெட்டு உள்ள பிரதி' என்றால் பின்னட்டையில் வெட்டு என்றுதான் முதலில் படிப்பார்கள். சீவல் இனிய சொல். பென்சில் சீவுவதுபோல மெல்ல எடுப்பது என்ற பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அச்சகத்தில் எடுப்பதும் சீவல்தானே. கத்தரிப்பு, படத்தைக் கணினியில் வெட்டுவதற்குப் பலர் ஏற்கெனவே பயன்படுத்தும் சொல்.

என் பரிந்துரை: அச்சகத்தில் விழுவது முதல்வெட்டு, பிற்காலத்தில் விழுவது மறுவெட்டு. மறுபதிப்பு, மறுகூட்டல், மறுநாள் ஆகியவற்றில் இருக்கும் அதே மறு. முன்பே ஒன்று நடந்துவிட்டது, இது இன்னொன்று என்பதை ஐந்தே எழுத்துச் சொல் தாங்கிக்கொள்கிறது, விளக்கம் தேவையில்லை. கரும்பை வெட்டிய கட்டையிலிருந்து துளிர்ப்பதை மறுதாம்பு என்கிறோமே, அதுபோல நாவில் இயல்பாக உட்காருகிறது. மாசுமறுவற்ற என்று நாம் சொல்லும்போது வரும் மறு, அதாவது களங்கம், இதில் மறைந்து நிற்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்புடன்.

----

மேலே உள்ள மடலுக்கு நேற்று வந்த மறுப்புக்கு என் பதில்:

> மறுவாக்குப்பதிவு, மறுமதிப்பீடு எல்லாம் முறைப்படி நடப்பவை. ஏமாற்றுவதற்காக வெட்டியதை மறுவெட்டு என்றால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடாதா? கள்ளவெட்டு என்று சொல்வதில் என்ன தயக்கம்?

ஐயா, தங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தப் பிரதியை வாங்கிய அன்று எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வந்தது. ஆனால் இதழை உருப்பெருக்கியில் பார்க்கும்போது தெரிவது வெட்டு மட்டுமே. வெட்டியவரின் எண்ணம் தெரிவதில்லை. பிடித்த இதழ்களைச் சேர்த்துத் தொகுப்பாக பைண்டிங் செய்தவர்களும் மூன்று பக்கமும் வெட்டித்தான் கட்டினார்கள். பிற்காலத்தில் அந்தத் தொகுப்பைப் பிரித்தவர் தனி இதழாக விற்றிருக்கலாம். முதுகோரம் தையல் துளைகள் இருந்தால் அந்தக் கதை தெரியும். தன் புத்தகம் அழகாக இருக்கட்டும் என்று அளவுகோலை வைத்து வெட்டிய சிறுமியும் இருக்கிறாள். அவளைக் கள்ளி என்று எந்தச் சான்றை வைத்து எழுதுவோம்?

மறுவெட்டைத் தெரிந்தும் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். அதற்கு 'மறைத்த மறுவெட்டு' என்று அடைமொழி சேர்த்தால் தாங்கள் விரும்பும் கடுமையும் வந்துவிடும், அறியாமல் செய்தவர்களும் தப்புவார்கள்.

அகராதிப் பதிவுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன். மறுவெட்டு: இதழோ நூலோ வெளியான பிறகு அதன் விளிம்பு ஒன்றோ பலவோ வெட்டிக் குறைக்கப்பட்டிருப்பது. எடுத்துக்காட்டு: 'இப்பிரதியின் முன் விளிம்பில் மறுவெட்டு உள்ளது, மேல், கீழ் விளிம்புகளில் முதல்வெட்டு அப்படியே இருக்கிறது.' கண்டறியும் வேலைக்கு 'மறுவெட்டுச் சோதனை'. வெட்டியதா இல்லையா என்று உறுதிசெய்ய முடியாத பிரதிக்கு 'மறுவெட்டு ஐயம்' என்று தனியாகக் குறிக்கும் வழக்கமும் வேண்டும், ஏனென்றால் நேர்மையான சோதகர் பல முறை அந்த இடத்தில்தான் நிற்பார்.

விளிம்பில் ஓடும் பழுப்புப் பட்டைக்கு இன்னும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. 'ஓரப்பழுப்பு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். பட்டையின் அகலத்தை அளந்து எழுதும் வழக்கம் வரப்போவதால், 'பழுப்பகலம்' என்று ஒரே சொல்லாக எழுதினால் படிப்பவருக்குப் புரியுமா? ஓலைச்சுவடி பாதுகாப்பில் பழகிய அம்மா ஒருவர் இந்தக் குழுமத்தில் இருக்கிறார். ஏட்டின் ஓரம் கறுத்துப் போவதற்கு அங்கே ஏதேனும் சொல் வழங்கினால் அவர் தெரிவிக்க வேண்டும்.