அறுபதைக் கடந்த பெற்றோரின் வெளிநாட்டுப் பயணமும் தடுப்பூசியும்: எங்கள் அனுபவங்கள்

கென்யாவுக்குப் பெற்றோரை அனுப்பத் திட்டமிடுபவர்கள், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் தம்பி நைரோபியில் பணிபுரிகிறான். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. பேரனைப் பார்க்க இருவரும் புறப்படத் தயாரானபோது, பயண முகவர் ஒருவர், "ஊசி போட்டுக்கொண்டு அட்டையை வாங்கி வாருங்கள், முடியாவிட்டால் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும்" என்று சொன்னார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த யோசனையில் முதியோருக்குப் பெரிய ஆபத்து மறைந்திருக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் நைரோபி நகருக்குள் மட்டும் தங்கிவிட்டுத் திரும்புபவருக்கு மஞ்சள் காய்ச்சல் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நம் நாட்டில் இந்த நோய் இல்லை; அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு மட்டும் ஊரெங்கும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். ஆகவே கென்யா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களிடம் இந்திய விமான நிலையங்களில் சான்றிதழ் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். நகரத்தை விட்டு வெளியே போகாத என் பெற்றோருக்கு ஊசி தேவைப்பட்டது அங்கே போவதற்காக அல்ல, இங்கே திரும்பி வருவதற்காகத்தான்.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசி. இதை உருவாக்கிய மேக்ஸ் தைலருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய நல்ல மருந்துதான். ஆயினும் 60 வயதுக்கு மேல் முதல்முறையாகப் போட்டுக்கொள்பவர்களில் மிகச் சிலருக்கு, ஊசியில் உள்ள கிருமியே உடலில் பெருகி, கல்லீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கிவிடுவது உண்டு. அரிது என்றாலும் இளையோரைவிட முதியோருக்கு இது கூடுதலாக நேர்கிறது. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த ஊசியைப் போடவே கூடாது.

எங்கள் குடும்ப மருத்துவர், வீட்டில் இருக்கும் மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தார். மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர், சிறிய மஞ்சள் மாத்திரைகள் கொண்ட ஒரு பட்டையை எடுத்து, "அம்மா, இதை எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஐயா, மூட்டு வலிக்கு" என்றார் அம்மா. அது மெதோட்ரெக்ஸேட், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து. முடக்குவாதத்துக்காகப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார். வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்து என்பதால், அன்றாட மருந்துகளின் பட்டியலைக் கேட்டிருந்தால் அம்மா அதைச் சொல்லியிருக்க மாட்டார். அம்மாவுக்கு ஊசி கூடாது என்று மருத்துவர் அங்கேயே முடிவாகச் சொல்லிவிட்டார். விலக்குச் சான்று எழுதித் தர முடியும் என்றாலும், அதை ஏற்றுக்கொள்வதும் தனிமைப்படுத்துவதும் விமான நிலைய அதிகாரிகளின் முடிவு என்பதையும் விளக்கினார்.

அப்பாவுக்கு வேறு சிக்கல் எதுவும் இல்லாததால், நன்மை தீமை இரண்டையும் கேட்டறிந்து, தாமாகவே சம்மதித்தார். மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, மஞ்சள் நிறச் சான்றேட்டில் பதிந்தால்தான் செல்லும். நாங்கள் கிண்டி கிங் நிலையத்துக்குச் சென்றோம். கடவுச்சீட்டு கட்டாயம், 60-ஐக் கடந்தவர் என்பதால் மருத்துவரின் சான்றையும் எடுத்துச் சென்றிருந்தோம். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். முன்பு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது. எனவே பழைய சான்றேடு வைத்திருக்கும் பெரியவர்களைத் தேவையில்லாமல் மறுபடியும் ஊசிக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

அப்பா மட்டும் நைரோபி சென்று திரும்பினார். அம்மாவுக்காகக் குடும்ப ஒன்றுகூடலை, மஞ்சள் காய்ச்சல் இல்லாத மொரீசியஸுக்கு மாற்றிக்கொண்டோம். தம்பி வீட்டார் ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருந்ததால் கென்யாவிலிருந்து அங்கே வருவதில் தடை ஏதும் இருக்கவில்லை.

இன்னொன்று. மசாய் மாரா போன்ற காட்டுப் பகுதிக்குச் செல்வதானால் மலேரியா தடுப்பு மாத்திரையும் வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 7 நாள் தொடர வேண்டும். அது வார்ஃபரின் மருந்தின் வீரியத்தைக் கூட்டக்கூடும் என்பதால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மறுமொழி: மேல்விஷாரத்திலிருந்து ஓர் உறுப்பினர்

அக்கா எழுதியதைப் படித்தபோது, என் வாப்பாவையும் உம்மாவையும் ஹஜ்ஜுக்கு அழைத்துச் சென்ற அனுபவத்தைப் பகிர வேண்டும் என்று தோன்றியது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி அங்கே கட்டாயம். மக்கா சென்று சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது பரவிய டபிள்யூ135 வகை மூளைக்காய்ச்சல் கிருமி, திரும்பி வந்த ஹாஜிகள் வழியாகப் பல நாடுகளில் அவர்களுடைய குடும்பத்தாரையும் தாக்கியது. அதன் பிறகே நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்துப் போடும் ஊசி கட்டாயமானது. பயணக் குழுவினர் ஏற்பாடு செய்த முகாமில் இந்த ஊசியோடு போலியோ சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள் சொட்டு மருந்துக்கு வாய் திறந்து நிற்பதைப் பார்த்துப் பலரும் வியந்தார்கள்.

ஆனால் ஊசி போட்டாகிவிட்டது என்று ஓய்ந்துவிட முடியாது. 2024 ஹஜ்ஜில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. 1,300-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். வாப்பா நீரிழிவு நோயாளி, பாதத்தில் உணர்ச்சி குறைவு. வெறுங்காலுடன் சுடுதரையில் நடந்து கொப்புளம் வந்தாலும் இத்தகையவர்களுக்குத் தெரியாது. செருப்பை வாசலில் விட்டுவிடாமல் தோள் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உம்மா அவருடைய உள்ளங்கால்களைக் கையால் தடவிப் பார்ப்பார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பார்வையாளர் விசாவில் கட்டாய ஊசி எதுவும் இல்லை. அதனாலேயே பலர் ஒன்றுமே போட்டுக்கொள்ளாமல் போய்விடுகிறார்கள். ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் அவசியம் என்று என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு வலியுறுத்திச் சொல்லி வருகிறேன். அங்கே குளிர்காலம்தான் ஃப்ளூ பருவம். பேரக்குழந்தைகள் பள்ளியிலிருந்து கொண்டு வரும் சளி முதலில் தொற்றுவது வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்குத்தான். அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அதன் இரண்டு தவணைகளுக்கு இடையே 2 முதல் 6 மாதம் இடைவெளி தேவை, விலையும் அதிகம். பயணத்துக்குப் பல மாதம் முன்பே திட்டமிட்டால்தான் முடியும்.

பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தருவதில்லை. ஆகையால் புறப்படும் முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, பல், கண் எல்லாவற்றையும் இங்கேயே பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும். மருந்துச் சீட்டின் நகலுடன் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். சென்னையிலிருந்து மேற்கே பறக்கும்போது நாள் நீள்கிறது. எந்த வேளைக்கு எத்தனை யூனிட் என்பதை மருத்துவரிடம் கேட்டு, இந்திய நேரம், அமெரிக்க நேரம் இரண்டையும் போட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.