உப்புவெளி வீட்டுச் சுவர்

*பிற்பகல் 2.30*

அக்கா: தம்பி, உப்புவெளியில் நாங்கள் கட்டப்போகும் புது வீட்டுக்கென்று நீ அனுப்பிய வீடியோவை அத்தானும் நானும் இரண்டு தரம் பார்த்தோம். ரெஜிபோம், அந்த வெள்ளை நுரைப் பெட்டியை அடுக்கி உள்ளே கொங்கிறீட் ஊற்றுகிறார்கள். பெட்டியைப் பிறகு கழற்றுவதே இல்லையா?

தம்பி: இல்லை அக்கா. போம் சுவரோடேயே நின்றுவிடும், சூட்டையும் குளிரையும் அதுதான் மறிக்கும். இங்கே வேலைத் தளத்தில் இதை ஐசிஎஃப், அதாவது இன்சுலேட்டிங் கொங்கிறீட் போம் என்போம்.

அம்மா: சாப்பிட்டாயா மகன்

தம்பி: இங்கே விடிய 5 மணி அம்மா 😄

அத்தான்: எந்தக் கொம்பனி நல்லது?

தம்பி: நான் கை வைத்தது இரண்டில் அத்தான். ஃபாக்ஸ் பிளாக் 4 அடி நீளம், 16 அங்குல உயரம். நுடுரா 8 அடி நீளம், 18 அங்குலம். நுடுராவில் இரண்டு பக்கப் போமையும் இணைக்கும் நடுக்கட்டு கீல் மாதிரி மடங்கும், தட்டையாக அடுக்கி அனுப்பலாம். கப்பலில் காற்றுக்குக் காசு கட்டத் தேவையில்லை. குவாட்-லாக் என்றும் ஒன்று, துண்டு துண்டாக வரும், நின்ற இடத்தில் பூட்ட வேண்டும். வளைவுக்கு நல்லது, நேர்ச்சுவருக்கு வீண் வேலை.

மாமா: கறையான்?

தம்பி: போமைத் தின்னாது மாமா. ஆனால் துளைத்துக்கொண்டு கூரைக்கு ஏறிவிடும், வெளியே ஒரு கோடுகூடத் தெரியாது. நெக்ஸெம் என்பது மரச்சீவலைச் சீமெந்தில் குழைத்து வார்த்த கட்டி. கறையான் தொடாது, பூச்சும் நேரே பிடிக்கும். தூக்கித்தான் முதுகு போகும்.

மாமா: சரி, கணக்குக்கு வா. உள்ளே 6 அங்குலம் என்றால் 100 சதுர அடிச் சுவருக்கு அரைக் கியூப் கொங்கிறீட், ஒரு கியூப் 100 கன அடி. பிள்ளையின் வெளிச்சுவர் 1,200 சதுர அடி வரும். 6 கியூப்! கம்பி வேறு.

தம்பி: 4 அங்குலமும் இருக்கிறது மாமா. 4 கியூப்பில் முடியும்.

மாமா: 4 அங்குலத்துக்குள் முக்கால் அங்குலக் கல்லைப் போட்டால் கம்பியில் சிக்கித் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். பலகை அடித்து ஊற்றினால் கழற்றியதும் பார்த்துப் பூசலாம். இதில் போம் மூடிக்கொண்டு நிற்கும், யாருக்குத் தெரியும்?

தம்பி: அது உண்மைதான். போன வருடம் ஓரிடத்தில் அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஊற்றிவிட்டார்கள். 4 அடி 4 அடியாக, சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து ஊற்ற வேண்டும். மூலையில் போம் முதலில் வயிறு மாதிரித் தள்ளியது, பிறகு டப்பென்று வெடித்தது. நான் பிளைவுட்டைத் தோளால் முட்டிக்கொண்டு நிற்க, மற்றவன் ஆணி தேடி ஓடினான். சப்பாத்துக்குள் எல்லாம் கொங்கிறீட்.

அம்மா: கவனமாக வேலை செய் ராசா

அக்கா: அம்மாவின் சாமிப்பட அலமாரியை அந்தச் சுவரில் கொழுவலாமா?

தம்பி: போமில் ஸ்குரூ நிற்காது. 8 அங்குலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டு உள்ளே இருக்கும், அதைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். சுவர் மொத்தம் 11 அங்குலத்துக்கு மேல் வரும், யன்னல் கட்டில் ஏறி உட்காரலாம்.

அக்கா: அறைதான் சின்னதாகும்.

அத்தான்: எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கு வெளியே மைனஸ் 20, உள்ளே 20. நாற்பது பாகை வித்தியாசம். இங்கே கச்சான் காற்று அடிக்கும் நாளில்கூட வெளியே 35தான். ஏசி போடுவதும் ஒரு அறையில், இரவில். மற்ற யன்னல் எல்லாம் திறந்து கிடக்கும். அப்புறம் போம் எதை மறிக்கிறது?

தம்பி: யன்னலைத் திறந்துவிட்டால் ஒன்றையும் மறிக்காது அத்தான் 🙈

மாமா: பிள்ளை, நாலு மணிக்கு இப்போதிருக்கிற வீட்டின் மேற்குச் சுவரை உள்பக்கம் தொட்டுப் பார். பிறகு ஏணி வைத்துக் கூரை ஷீற்றைத் தொட்டுப் பார். இரண்டையும் எழுது.

அம்மா: 64 மார்கழிப் புயலில் எங்கள் வீட்டு ஓடுதான் பறந்தது. சுவர் அப்படியே நின்றது. ஐயா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

*பிற்பகல் 4.10*

அக்கா: சுவர் சூடுதான், ஆனால் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கலாம். ஷீற்றில் கை வைக்க முடியவில்லை மாமா! விரல் சிவந்துவிட்டது.

மாமா: அதுதான். சுவரைக் கட்டுக்கல்லில் கட்டுவோம், மேற்கே மட்டும் ஒரு தாழ்வாரம் இறக்குவோம். மிச்சக் காசு கூரைக்கு. ஷீற்றுக்குக் கீழே காப்பு, சீலிங், இடையில் காற்று போக வழி. கூரை மரத்தைக் கம்பி போட்டு பீமோடு கட்ட வேண்டும், உன் அம்மா சொன்ன புயலுக்கு.

தம்பி: ம்ம். நான் கொள்கலன் விலை எல்லாம் கேட்டு வைத்திருந்தேன் 😔 சரி, கூரையின் அளவை அனுப்புங்கள், காப்பு எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று பார்க்கிறேன்.

அக்கா: இன்னும் ஏணியில்தான் நிற்கிறேன். அளக்கிற நாடாவை யார் எடுத்தது?

அத்தான்: 🙋